மூன்று பருவம் ஓட்டிப் பார்த்த ஒரு கார்பன் டை ஆக்சைடு கட்டுப்பாட்டுக் கருவி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயிர் வளர்ப்பு அறையில் கார்பன் டை ஆக்சைடு அளவை நிறுத்தி வைக்கும் இந்தக் கருவியைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் இதை வாங்கிப் பொருத்திவிட்டு, திரையில் 700 தெரிகிறது, செடிக்கும் 700 கிடைக்கிறது என்று நம்பி உட்கார்ந்தால் ஒரு பருவமே வீணாகிவிடும். எங்களுக்கு வீணானது. தயாரிப்பாளரின் பெயரை எழுதப் போவதில்லை. நான் சொல்லப் போகும் குறைகளில் பாதி இந்த வகைக் கருவிகளில் பொதுவாகவே வரக்கூடியவை, நீங்கள் எதை வாங்கினாலும் இதையெல்லாம் பார்க்கத்தான் வேண்டும்.

எங்களிடம் இருப்பவை பயிர் ஆராய்ச்சிக்கான இரண்டு வளர்ப்பு அறைகள். ஆள் உள்ளே போகும் வகை இல்லை, கதவைத் திறந்து கையை நீட்டி வேலை செய்யும் வகை, உள்ளளவு ஏறக்குறைய ஒரு கனமீட்டர். வெப்பம், ஈரப்பதம், விளக்கு எல்லாம் ஏற்கனவே இருந்தன. கார்பன் டை ஆக்சைடு தொகுதியை மட்டும் தனியாக வாங்கிப் பொருத்தினோம்: ஒரு அகச்சிவப்புச் சென்சார், சிலிண்டரிலிருந்து வாயுவை அளந்து விடும் வால்வு, ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. ஓர் அறையில் 700 பிபிஎம், அதாவது காற்றில் பத்து லட்சத்தில் 700 பங்கு கார்பன் டை ஆக்சைடு, இன்னொன்றில் வெளிக்காற்றின் அளவு. கோதுமையும் சோயாவும். திட்டம் எளிதாகத்தான் தெரிந்தது.

முதல் பருவத்தில் என்ன நடந்தது என்றால், ஆறு வாரம் திரையில் கோடு போட்டது போல 700. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இலையின் ஒளிச்சேர்க்கையை அளக்கும் கையடக்கக் கருவி வேறொரு வேலைக்காக எங்கள் கைக்கு வந்தது, சும்மா அதன் குழாயை அறைக்குள் விட்டுப் பார்த்தோம், 1100-ஐத் தாண்டிக் காட்டியது. முதலில் அந்தக் கருவிதான் தவறு என்று நினைத்தோம். வெளிக்காற்றில் வைத்தால் சரியாகக் காட்டியது. அளவு தெரிந்த வாயுக் கலவையை விட்டாலும் சரியாகக் காட்டியது. தவறு எங்கள் அறைச் சென்சாரில்.

காரணம் இதுதான், இதை மட்டுமாவது வளர்ப்பு அறை வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மலிவான அகச்சிவப்புச் சென்சார்கள் பல, கட்டடங்களின் காற்றோட்டத்துக்காகச் செய்யப்பட்டவை. கார்பன் டை ஆக்சைடு 4.26 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சும், எவ்வளவு ஒளி குறைந்தது என்பதை வைத்து அளவு சொல்வார்கள். விளக்கு பழசாகும், கண்ணாடியில் தூசி படியும், அளவு மெல்ல நகரும். அதைச் சரிக்கட்ட உள்ளே ஒரு வசதி வைத்திருக்கிறார்கள்: கடந்த சில நாளில் பதிவான மிகக் குறைந்த அளவை எடுத்து, அதுதான் வெளிக்காற்று, அதாவது 400 என்று வைத்துக்கொண்டு தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். இரவில் ஆட்கள் இல்லாமல் காலியாகிற அலுவலகத்துக்கு இது மிக நல்ல யோசனை. எப்போதும் 700-இல் இருக்கிற அறையில் என்ன ஆகும்? சென்சார் ஒருபோதும் 400-ஐப் பார்ப்பதில்லை. ஆகவே அந்த 700-ஐயே 400 ஆக்கப் பார்க்கிறது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக. அளவு குறைந்துவிட்டதாகக் கட்டுப்பாட்டுப் பெட்டி நினைத்து வாயுவைத் திறந்துவிடுகிறது. உண்மை அளவு ஏறுகிறது, திரையில் அதே 700. கட்டுப்பாடு எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவு நேர்த்தியாகத் தவறு மறைந்துகொள்கிறது.

கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. கேட்ட பிறகுதான் சொன்னார்கள், பராமரிப்புப் பட்டியலுக்குள் கடவுச்சொல் போட்டு நுழைந்தால் அணைத்துவிடலாம் என்று. பயிர் ஆராய்ச்சிக்கு என்று சொல்லி விற்கிற கருவியில் இது தொழிற்சாலையிலிருந்தே அணைத்து வர வேண்டும். என்னுடைய முதல் பெரிய புகார் இது. அந்தப் பருவத்தின் தரவு முழுவதையும் ஒதுக்கி வைத்தோம், அறுத்து உலர்த்தி எடை போட்ட கதிர்கள் உட்பட.

அணைத்துவிட்டால் போதாது, அப்புறம் திருத்தம் நம் பொறுப்பு. மாதம் ஒருமுறை நைட்ரஜனை விட்டுச் சுழியத்தைப் பார்க்கிறோம், அளவு தெரிந்த வாயுவை விட்டு மேல்முனையைப் பார்க்கிறோம். அரை மணி நேர வேலை. இதற்கென்று தனி நுழைவாய் வைத்திருப்பது இந்தக் கருவியின் நல்ல அம்சம், சென்சாரைக் கழற்ற வேண்டியதில்லை. காற்றழுத்தத்தைத் தானே கணக்கில் எடுத்துக்கொள்வதும் நல்லது. இந்தச் சென்சார் உண்மையில் எண்ணுவது ஒளிப் பாதையில் எத்தனை மூலக்கூறுகள் இருக்கின்றன என்பதைத்தான், ஆகவே அழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் அளவும் குறைந்தது பத்து சதவீதம் குறைத்துக் காட்டும். மலைப்பகுதியில் ஆய்வகம் வைத்திருப்பவர்கள் இதை வாங்குமுன்பே கேட்டுவிட வேண்டும்.

சரி, இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். எல்லாரும் 700, 800 என்று ஏற்றுவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஏற்றுவது எளிது. சிலிண்டர் இருக்கிறது, வால்வு இருக்கிறது, திறந்தால் ஏறும். கடினமானது ஒப்பீட்டு அறை. வெளிக்காற்றின் அளவிலேயே வைத்திருக்க வேண்டிய அந்த அறையைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள், நாங்களும் முதலில் அப்படித்தான் விட்டோம். ஒன்றும் செய்யாவிட்டால் அங்கே வெளிக்காற்று இருக்கும் என்பது வெறும் நம்பிக்கை. அறை இழுப்பது ஆய்வகத்தின் காற்றை. நாலு பேர் வேலை செய்கிற, குளிர்சாதனம் அதே காற்றைச் சுற்றிச் சுற்றி விடுகிற அந்த அறையில் பகலில் 600-க்குக் குறைந்து நாங்கள் பார்த்ததே இல்லை, சில மதியங்களில் 750. ஒரு பக்கம் 700, இன்னொரு பக்கம் பெயருக்கு 400, உண்மையில் 650 என்றால் நாம் எதை எதோடு ஒப்பிடுகிறோம்?

இன்னொன்று, மூச்சு. நாம் விடும் மூச்சில் ஏறக்குறைய நான்கு சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, அதாவது 40,000 பிபிஎம். சும்மா நிற்கும் ஒருவர் நிமிடத்துக்குக் கால் லிட்டர் அளவில் வெளிவிடுகிறார். ஒரு கனமீட்டர் அறை என்றால் ஆயிரம் லிட்டர், ஆகவே ஒரு நிமிட மூச்சு முழுவதும் உள்ளே தங்கினால் 250 பிபிஎம் கூடும். கதவு திறந்திருக்கும்போது அவ்வளவும் தங்காதுதான், ஆனாலும் ஒரு மாணவர் தலையை உள்ளே நீட்டிப் பத்து நிமிடம் இலை எண்ணினால் வரைபடத்தில் ஒரு மலை தெரியும். இப்போது எண்ணுவதற்குத் தொட்டியை வெளியே எடுக்கிறோம், சீக்கிரம் முடிக்கிறோம், கதவு திறந்த நேரத்தைக் குறித்து வைக்கிறோம்.

இந்தக் கருவி அடிப்படை வடிவத்தில் ஏற்ற மட்டுமே செய்யும். இறக்குவதற்கு உறிஞ்சும் குப்பி தனியாக வாங்க வேண்டும். இரண்டாம் பருவத்துக்கு வாங்கினோம். சோடா லைம் நிரப்பிய ஒரு குப்பி, ஒரு சிறு விசிறி, அளவு மிஞ்சினால் அறைக் காற்றை அதன் வழியே ஓட்டும். சோடா லைம் பெரும்பாலும் கால்சியம் ஹைட்ராக்சைடு, கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துச் சுண்ணாம்புக்கல்லாக மாறும், தண்ணீரும் வெப்பமும் வெளிவிடும். நன்றாக வேலை செய்கிறது, சந்தேகமில்லை. ஆனால் குப்பி சிறியது, முதலில் பத்து நாளில் தீர்ந்துபோனது. அதைவிடத் தொல்லை, தீர்ந்ததைக் காட்டும் நிறம். பயன்படுத்தும்போது நிறம் மாறும், ஆனால் விசிறி நின்று சில மணி நேரம் சும்மா இருந்தால் பழைய நிறத்துக்கே திரும்பக்கூடும். காலையில் வந்து பார்ப்பவர் புதிதாக இருக்கிறது என்று நினைத்துவிடுவார். எங்களுக்கு இரண்டு முறை அப்படி ஆனது. இப்போது நிறத்தைப் பார்ப்பதில்லை, குப்பிக்குள் போகும் காற்றையும் வெளிவரும் காற்றையும் அளக்கிறோம், வெளிவருவதில் 100-க்கு மேல் தெரிந்தால் மாற்றிவிடுகிறோம்.

அப்புறம், நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று. ஒப்பீட்டு அறைக்கும் சிலிண்டர் வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். நன்றாக வளர்ந்த பயிர், ஒரு சதுர மீட்டர் பரப்பு, நல்ல வெளிச்சத்தில் விநாடிக்கு 20 மைக்ரோமோல் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கனமீட்டர் காற்றில் 25 டிகிரியில் ஏறக்குறைய 41 மோல் வாயு இருக்கிறது, அதில் 100 பிபிஎம் என்றால் 4,100 மைக்ரோமோல். மூன்றரை நிமிடத்தில் 100 பிபிஎம் குறைந்துவிடும்! விளக்கு போட்டுக் கால் மணி நேரத்தில் செடி தனக்கு மூச்சடைக்கிற அளவுக்குக் காற்றைக் காலி செய்துவிடும், வெளியிலிருந்து கசிந்து வருவது மட்டும்தான் காப்பாற்றும். இரவில் நேர் எதிர், வேரும் இலையும் மண்ணும் சுவாசித்து அளவை ஏற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே 700 அறைக்கு ஏற்றுகிற கை ஒன்று இருந்தாலே பெரும்பாலும் போதும், ஒப்பீட்டு அறைக்குத்தான் பகலில் ஏற்றவும் இரவில் இறக்கவும் இரண்டு கையும் கட்டாயம் வேண்டும். விற்பனைப் பட்டியலில் இது நேர்மாறாக இருக்கிறது, உறிஞ்சும் குப்பியை ஏதோ ஆடம்பரம் போலக் கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள்.

ஒப்பீட்டு அளவு என்பது எத்தனை என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. தொழிற்சாலையில் 400 என்று வைத்து அனுப்புகிறார்கள். ஹவாயின் மௌனா லோவா நிலையத்தில் வெளிக்காற்றை 1958-இல் அளக்கத் தொடங்கியபோது 315 அளவில் இருந்தது, 2013-இல் முதல் முறையாக ஒரு நாளின் சராசரி 400-ஐத் தொட்டது, 2024-இன் ஆண்டுச் சராசரி 420-ஐத் தாண்டிவிட்டது. இன்றைய காற்று என்று சொல்லி 400-இல் வளர்த்தால் பத்து ஆண்டுக்கு முந்தைய காற்றில் வளர்க்கிறோம். நாங்கள் 425 வைத்திருக்கிறோம், கட்டுரையிலும் அதையே எழுதுகிறோம்.

இனி நல்லதையும் சொல்ல வேண்டும். வாயுவை விடும் முறை மிக நன்றாக இருக்கிறது. முன்பு எங்களிடம் இருந்தது திற, மூடு என்று மட்டும் தெரிந்த சோலனாய்டு வால்வு. திறக்கும், சென்சார் உணர்வதற்குள் 150 பிபிஎம் தாண்டிப் போயிருக்கும், மூடும், மெல்லக் குறையும், மறுபடி திறக்கும், நாள் முழுக்க ரம்பப் பல் போல வரைபடம். சராசரி சரியாக இருந்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. கார்பன் டை ஆக்சைடு கூடக் கூட ஒளிச்சேர்க்கை ஏறுவது நேர்கோடாக இல்லை, வளைந்து தட்டையாகிறது. ஆகவே மேலே போகும்போது கிடைக்கும் லாபத்தைவிடக் கீழே வரும்போது வரும் இழப்பு அதிகம். இப்போதைய கருவியில் ஓட்டத்தை அளந்து விடுகிற வால்வு இருக்கிறது, தேவைக்கேற்பத் துளித்துளியாக விடுகிறது, முழுதாக வளர்ந்த சோயா இருக்கும்போதும் பகலில் 15 பிபிஎம்முக்குள் நிற்கிறது. தனிக் கருவியால் சரிபார்த்துத்தான் சொல்கிறேன்.

காலையில் விளக்கு எரியும் நேரம் மட்டும் ஒரு பள்ளம் விழுந்தது. இருட்டிலிருந்து முழு வெளிச்சத்துக்கு ஒரே அடியாகப் போனதால் செடி திடீரென இழுக்கத் தொடங்குகிறது, சென்சார் முழுதாக உணர ஒரு நிமிடம் ஆகிறது. வெளிச்சத்தை நான்கு படியாக, அரை மணி நேரத்தில் ஏற்றும்படி மாற்றினோம், பள்ளம் போய்விட்டது. இயற்கையிலும் சூரியன் அப்படித்தானே வருகிறது.

திரையைப் பற்றி இரண்டாவது பெரிய புகார். அதில் தெரிவது பத்து நிமிடச் சராசரி. அதனால்தான் கோடு அவ்வளவு நேராக இருக்கிறது. சேமித்துத் தருகிற கோப்பிலும் அதே சராசரிதான். நொடிக்கு நொடி அளவு வேண்டும் என்றால் பெட்டியின் பின்னால் கம்பி செருகி வேறு கணினியில் பதிவு செய்ய வேண்டும், நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். அளந்ததை அளந்தபடி தர வேண்டும், அழகாக்கித் தரும் உரிமை அவர்களுக்கு இல்லை.

பொருத்தும்போது வந்த ஆட்கள் வாயு விடும் குழாயைச் சென்சார் உறிஞ்சும் முனைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனார்கள். அறை முழுக்க வறட்சியாக இருக்க, சென்சாருக்கு மட்டும் விருந்து. குழாயை விசிறி இழுக்கும் பக்கத்துக்கு மாற்றி, சென்சார் முனையைச் செடிகளின் உயரத்துக்குக் கொண்டு வந்தோம். இன்னொரு தொல்லை தண்ணீர். சென்சார் பெட்டி அறைக்கு வெளியே இருக்கிறது, சிறு பம்பு காற்றை இழுத்து வருகிறது. உள்ளே 28 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் என்றால் 23 டிகிரியிலேயே நீர் துளிர்க்கத் தொடங்கும், ஆய்வகமோ 22. குழாயில் துளி துளியாகத் தேங்கி ஒரு நாள் சென்சாருக்குள்ளேயே போய்விட்டது. குழாய் மேல் வெப்பக் கம்பி சுற்றிப் பஞ்சுறை போட்ட பிறகு பிரச்சினை இல்லை. புதுச் சென்சார் அனுப்பினார்கள், தாமதம் இல்லை, குறை கேட்கவும் செய்தார்கள், அதைப் பாராட்டுகிறேன்.

காற்றுத் துளைகளைக் கட்டாயம் பாருங்கள். எங்கள் அறைகளில் வெளிக்காற்று வரும் துளை பாதி திறந்தே வந்திருந்தது. எவ்வளவு கசிகிறது என்று பார்க்கத் தனிக் கருவி வேண்டாம். செடி இல்லாத அறையை 1000-க்கு ஏற்றி, வாயுவை அடைத்துவிட்டு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்க்க வேண்டும். வெளியே 400 என்றால் வித்தியாசம் 600, அது 300 ஆகப் பாதியாவதற்கு, அதாவது 700 வருவதற்கு, ஒரு மணி நேரம் ஆனால் மணிக்கு 0.7 முறை காற்று மாறுகிறது என்று பொருள். ஆள் நுழையும் 20 கனமீட்டர் அறையை 800-இல் வைக்க இந்தக் கசிவுக்கு மணிக்குப் பத்து கிராம் வாயு போதும், செடி எடுத்துக்கொள்வது தனி. அதே அறையில் துளைகள் திறந்து மணிக்குப் பத்து முறை காற்று மாறினால் மணிக்கு 145 கிராம், 30 கிலோ சிலிண்டர் ஒன்பது நாள்கூட வராது. எங்கள் அறையில் துளையை அடைத்ததும் சோடா லைம் ஒரு மாதம் தாங்கத் தொடங்கியது.

சிலிண்டர் பற்றிக் கொஞ்சம். அழுத்தமானியை நம்பாதீர்கள். உள்ளே திரவமாக இருக்கிறது, 20 டிகிரியில் 57 பார் அளவில் இருக்கும், திரவத்தின் கடைசிச் சொட்டு தீரும் வரை முள் அங்கேயே நிற்கும், பிறகு சட்டென்று விழும். சிலிண்டரைத் தராசின் மேல் வைத்துவிட்டோம், எடைதான் உண்மையைச் சொல்லும். அப்புறம் தூய்மை. தொழில் தர வாயுவில் எத்திலீன் கலந்திருந்தால் செடிக்கு அது ஹார்மோன், நூறு கோடியில் சில பத்துப் பங்கு இருந்தாலே கோதுமைக் கதிர் மணி பிடிக்காமல் போகும். அது நடந்தால் உயர்ந்த கார்பன் டை ஆக்சைடு விளைச்சலைக் குறைக்கிறது என்று யாராவது கட்டுரை எழுதிவிடுவார்கள். வாயு வரும் வழியில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் உருண்டைகள் நிரப்பிய வடிகட்டி வைத்திருக்கிறோம். கருவியோடு இது வரவில்லை, வர வேண்டும்.

பாதுகாப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மின்சாரம் போனால் வால்வு தானே மூடிக்கொள்கிறது, உச்ச வரம்பைத் தாண்டினால் அலாரம் அடித்து வாயுவை நிறுத்துகிறது. ஆனால் அது வளர்ப்பு அறைக்குள் இருக்கும் செடிகளுக்கான பாதுகாப்பு, நமக்கு அல்ல. வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையோடு தேங்கும். எட்டு மணி நேர வேலைக்கு வரம்பு 5,000 பிபிஎம், 40,000 என்றால் உயிருக்கே உடனடி ஆபத்து. ஆக்சிஜன் அளக்கும் கருவி இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது, ஆக்சிஜன் குறைவதற்கு முன்பே இந்த வாயு நம்மை வீழ்த்திவிடும். சிலிண்டர் இருக்கும் மூலையில் முழங்கால் உயரத்தில் தனி அலாரம் மாட்டியிருக்கிறோம்.

யாருக்கு இது பயன்படும் என்று கேட்டால், கோதுமை, நெல், சோயா போன்ற சி3 பயிர்கள், அதாவது காற்றின் கார்பன் டை ஆக்சைடை நேரடியாகப் பிடிக்கும் பயிர்கள் வைத்திருப்பவர்களுக்கு நிச்சயம். மக்காச்சோளம், சோளம், கரும்பு என்றால் இலைக்குள்ளேயே கார்பன் டை ஆக்சைடைச் செறிவாக்கிக்கொள்ளும் சி4 பயிர்கள், வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் பார்க்க மாட்டீர்கள். ஆனால் இலைத்துளை சுருங்கி நீர்ச் செலவு குறைவதைப் படிக்க அங்கேயும் உதவும். இரண்டு அறை மட்டும் இருந்தால் எத்தனை தொட்டி வைத்தாலும் ஒவ்வோர் அளவுக்கும் ஓர் அறைதான், அறையின் குணம் எது, வாயுவின் குணம் எது என்று பிரிக்க முடியாது. மூன்றாம் பருவத்தில் அறைகளை இடம் மாற்றினோம், 700 இருந்த அறை 425 ஆனது. திரையில் எண்ணை மாற்றுவது ஒரு நிமிட வேலை, குப்பியையும் குழாய்களையும் கழற்றி மறுபக்கம் மாட்ட ஒரு நாள் பிடித்தது.

வாங்கப் போகிறவர்கள் செய்துகாட்டலுக்கு வருபவர்களிடம் 800-க்கு ஏற்றிக் காட்டச் சொல்ல வேண்டாம். செடி நிறைந்த அறையை, ஆட்கள் வேலை செய்யும் ஒரு சாதாரண நாளில், 425-இல் இருபத்துநாலு மணி நேரம் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள், சராசரி போடாத பதிவோடு. நாங்கள் போன வாரம் அந்தச் சோதனையை மறுபடி செய்தோம். பகலில் 412-க்கும் 438-க்கும் நடுவில் நின்றது. இரவு இரண்டு மணிக்கு 470 வரை ஏறியது, போய்ப் பார்த்தால் குப்பி தீர்ந்திருந்தது, நிறம் மட்டும் புதிது போலவே இருந்தது.